உடை ஓவியங்கள் சொல்லும் பெண்களின் கதை

புதிதாக என்ன உடை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்று கைப்பேசியைத் திறந்தால் போதும். நூறு புகைப்படங்கள் வந்து நிற்கும். ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தது ஓவியர்களின் கைதான். பழைய உடை ஓவியங்களைத் தேடிப் பார்ப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். முதலில் உடைகளைத்தான் ரசித்தேன். போகப்போக, அந்த உடைக்குள் இருக்கும் பெண்ணைக் கவனிக்கத் தொடங்கினேன். அவள் நிற்கிறாளா, நடக்கிறாளா? கையில் என்ன வைத்திருக்கிறாள்? இதற்குப் பதில் தெரிந்தாலே அந்தக் காலம் பெண்ணிடம் என்ன எதிர்பார்த்தது என்பது புரிந்துவிடுகிறது.

அசையாமல் நின்றவள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1830இல் தொடங்கிய ‘கோடிஸ் லேடிஸ் புக்’ என்ற மாத இதழ் உடை ஓவியங்களுக்குப் பெயர்பெற்றது. அச்சான படங்களுக்குப் பெண்கள் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். படத்தில் இருக்கும் பெண்களுக்கோ எந்த வேலையும் இல்லை. இடுப்பை இறுக்கும் கார்செட், தரையைத் துடைக்கும் பாவாடை, கையில் விசிறி அல்லது பூச்செண்டு. மனைவி வேலை செய்யத் தேவையில்லை என்பதுதான் வசதியான குடும்பத்தின் அடையாளமாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1837 முதல் 1877 வரை அந்த இதழை நடத்திய ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல், கணவரை இழந்து, ஐந்து பிள்ளைகளை எழுதிச் சம்பாதித்து வளர்த்தவர். பெண்கல்விக்காக விடாமல் குரல் கொடுத்தவர். இதழை நடத்தியவரும் உழைக்கும் பெண், படத்துக்கு வண்ணம் தீட்டியவர்களும் உழைக்கும் பெண்கள். படத்தில் மட்டும் உழைப்பு இல்லை. உடை ஓவியம் ஒரு காலத்தின் வாழ்க்கையை அப்படியே காட்டுவதில்லை; அந்தக் காலத்தின் ஆசையைத்தான் காட்டுகிறது.

வெளியே வந்தவள்

அந்த ஆசை 1890களில் மாறியது. சார்ல்ஸ் டேனா கிப்சன் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்த ‘கிப்சன் கேர்ல்’ மிதிவண்டி ஓட்டினாள், கோல்ஃப் விளையாடினாள், நிமிர்ந்து பார்த்தாள். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பெண்கள் காலடி வைக்கத் தொடங்கிய நேரம் அது. ஆனாலும் அவள் இடுப்பில் கார்செட் இருந்தது. பாதி விடுதலைதான்.

1908இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் பால் புவாரே தம் உடைகளை ஓவியர் பால் இரிப்பைக் கொண்டு வரையவைத்து ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அதில் இடுப்பு இறுக்கம் போய், துணி தோளிலிருந்து நேராக இறங்கியது. பிறகு முதல் உலகப்போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். போர் முடிந்த பிறகு வந்த ஓவியங்களில் பாவாடை முழங்காலை நோக்கி ஏறியது, தலைமுடி குட்டையானது.

1926இல் அமெரிக்க ‘வோக்’ இதழில் கோகோ ஷனேலின் எளிமையான கறுப்பு உடை ஒன்றின் ஓவியம் வந்தது. அந்த உடையை அவ்விதழ் ஃபோர்ட் காருக்கு ஒப்பிட்டது. எல்லாரும் வாங்கக்கூடிய கார் என்று பெயரெடுத்தது ஃபோர்ட். ஓர் உடையைப் பணக்காரர்களின் பொருளாகப் பார்க்காமல் பலரும் அணியக்கூடியதாகப் பார்த்தது அன்றைக்குப் புதிய சிந்தனை.

மீண்டும் வீட்டுக்குள்

மாற்றம் எப்போதும் முன்னோக்கியே போகும் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941 ஜூன் முதல் பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்தது. உடைகள் ஒடுங்கின, தேவையற்ற மடிப்புகளும் அலங்காரமும் குறைந்தன. போர் முடிந்ததும் 1947இல் கிறிஸ்டியன் டியோர் ‘நியூ லுக்’ பாணியை அறிமுகம் செய்தார். ரெனே க்ரூவோ என்ற ஓவியர் அந்த உடைகளைச் சில தூரிகை வீச்சுகளில் கவிதைபோல் வரைந்தார். பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் இருப்பது மறுபடியும் சிறுத்த இடுப்பும் மீட்டர் கணக்கில் துணி விழுங்கும் பாவாடையும்தான். தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களை வீட்டுக்குத் திரும்பச் சொன்ன காலம் அது. பிரிட்டனில் துணிப் பங்கீடு 1949வரை நீடித்ததால், இவ்வளவு துணியா என்று அங்கு கோபப்பட்டவர்களும் உண்டு.

யாரை வரைந்தார்கள்?

இதுவரை சொன்ன ஓவியங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். அந்தச் சுவரை உடைத்தவர்களில் முக்கியமானவர் அந்தோனியோ லோப்பஸ். போர்ட்டோ ரிக்கோவில் 1943இல் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். அவருடைய தாயார் தையல்காரர். அறுபதுகள் தொடங்கி 1987இல் மறையும்வரை, கறுப்பின, லத்தீன், ஆசியப் பெண்களை உடை ஓவியத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய காலம் அது. 1962இல்தான் கிரயோலா நிறுவனம் ‘சதை நிறம்’ என்று விற்றுவந்த இளஞ்சிவப்பு வண்ணக்குச்சிக்கு ‘பீச்’ என்று பெயர் மாற்றியது. அதுவரை, நம் பிள்ளைகளின் தோல் அந்தப் பெட்டியின் கணக்கில் சதையே இல்லை!

ஒன்பது தலைக் கணக்கு

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியாது. என் மகளுக்கு 12 வயது. தாளும் பென்சிலும் கிடைத்தால் உடைதான் வரைவாள். அவள் வரையும் பெண்களின் கால்களே பாதித் தாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அது அவள் கண்டுபிடிப்பல்ல. மனித உடலின் உயரம் சராசரியாக ஏழரைத் தலை அளவு. உடை ஓவியப் பாடங்களோ ஒன்பது, பத்துத் தலை அளவில் வரையச் சொல்கின்றன. அப்போதுதான் துணி அழகாக விழுவது தெரியும் என்பது கணக்கு. உடையைக் காட்ட அது உதவலாம். ஆனால் அந்தப் படத்தை வரைந்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, “எனக்கு ஏன்மா கால் குட்டையா இருக்கு?” என்று மகள் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. கிப்சன் முதல் லோப்பஸ் வரை எல்லாருடைய படங்களையும் அவளுடன் உட்கார்ந்து பார்த்தேன். இந்த அக்காவால் பேருந்து பிடிக்க ஓட முடியுமா, இந்த உடையில் மூச்சுவிட முடியுமா என்று பேசிச் சிரித்தோம். பிறகு, கோயிலுக்குப் புறப்படும் பாட்டியை வரையச் சொன்னேன். வண்ணப் பெட்டியில் பாட்டியின் நிறம் இல்லை. இரண்டு பழுப்புகளைக் கலந்து தீட்டினாள். “அம்மா, பாட்டி ஆறரைத் தலைதான் வர்றாங்க, ஆனா சேலை ரொம்ப நல்லா விழுது” என்றாள்.

உங்கள் வீட்டிலும் வரையும் பிள்ளைகள் இருக்கலாம். இந்தத் தீபாவளிக்குப் புத்தாடை உடுத்தியதும் வீட்டில் இருப்பவர்களையே வரையச் சொல்லிப் பாருங்கள். தொப்பையோடு, நரையோடு, நம் நிறத்தோடு. நாளை யாராவது நம் காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், அந்தப் படங்களும் அவர்கள் கையில் கிடைக்கட்டும்.