ஒரே வீடு, இரண்டு தெருக்கள்!

மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரூட்டர் ஒன்றை வாங்கி வைக்கும் இல்லங்கள் பல உண்டு. அக்குறை தீர்ந்துவிடும், ஆனால் புதிய தொல்லை தலைகாட்டும். கீழ்த்தளத்துப் பிரின்டரை மாடியிலுள்ள மகளின் கைப்பேசியால் கண்டுபிடிக்க இயலாது. மாடிக் கேமராவின் காட்சி, கீழே அமர்ந்திருக்கும் வாப்பாவின் கைப்பேசிக்கு வராது. பழுது எங்கே? கருவிகளில் இல்லை, வாசகர்களே! அவை வெவ்வேறு தெருக்களில் குடியிருக்கின்றன.

ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரி வழங்குகிறது. 192.168.1.20 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றிருந்தால், முதல் மூன்று எண்களும் தெருவின் பெயர். இறுதி எண் கதவிலக்கம். அத்தெருவுக்குத்தான் சப்நெட் என்று பெயர். அதில் 254 முகவரிகளுக்கு இடமுண்டு. இரண்டாவது ரூட்டரோ 192.168.0 என்று தனித்தெரு ஒன்றை அமைத்துக்கொள்கிறது. பிரின்டரைத் தேடும் கைப்பேசி தன் தெருவில் மட்டுமே கூவி அழைக்கிறது. அக்குரலை ரூட்டர் அப்பால் கடத்துவதில்லை. பிரின்டரின் முகவரியை நேரடியாகக் குறித்தால் மாடியிலிருந்து அச்சிட இயலும். கீழிருந்து மேலே செல்லத்தான் வழியில்லை. ஏனெனில் இரண்டாவது ரூட்டர் வாயிற்காவலனைப் போன்றது. உள்ளிருந்து செல்வோரை விடும், அழையாது வருவோரைத் தடுக்கும்.

தீர்வு எளிது. இரண்டாவது ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்னும் முறையைத் தேர்ந்தெடுங்கள். அம்முறை இல்லையெனில், அதற்கு முதல் ரூட்டரின் தெருவிலேயே, வேறு எக்கருவிக்கும் வழங்கப்படாத முகவரி ஒன்றைக் கொடுங்கள். முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வேலையை அதில் நிறுத்திவிடுங்கள். முதல் ரூட்டரின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளை, இதன் வேன் துளையில் அல்லாமல் லேன் துளையிலேயே செருகுங்கள். வீடு முழுவதும் ஒரே தெருவாகிவிடும்.

ஆயினும், எல்லாக் கருவிகளையும் ஒன்றாகக் குடிவைப்பது நன்றா? 2016-ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீய நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நடத்தப்பட்ட தாக்குதலால், ட்விட்டர் முதலிய தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. உடைமையாளர்களோ ஏதும் அறியாதிருந்தனர்!

ஆகவே பிரின்டரும் கணினியும் குடும்பத் தெருவில் இருக்கட்டும். இணையம் வழியே இயங்கும் கேமராவையும் மின்விளக்கையும் ரூட்டரிலுள்ள 'கெஸ்ட்' வைஃபையில் இணையுங்கள். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். விருந்தினரைத் திண்ணையில் அமர்த்தி உபசரிப்பதால் மரியாதை குறைவதில்லை. வீட்டாரின் அந்தரங்கமும் காக்கப்படுகிறது. கருவிகளுக்கும் அத்தகைய திண்ணை ஒன்று வேண்டும்.