தங்கவயல் தூசியும் வண்டியின் மெருகும்

கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்பின் பொருட்டு வெளியூர் சென்று வாழும் நம்மவர், விடுமுறைக்குச் சொந்தக் காரில் ஊர் திரும்புவது இன்று அரிய காட்சியன்று. காற்று வீசும் பருவத்தில் ராபர்ட்சன்பேட்டையில் உறவினர் வாசலில் இரவு நிறுத்திய கறுப்பு வண்டி, பொழுது விடிகையில் சாம்பல் பூத்து நிற்கும். உடனே வீட்டுப் பிள்ளை ஒருவன் உலர்ந்த துணியோடு ஓடி வருவான். அவன் கையைப் பிடித்து நிறுத்துதல் வேண்டும்.

காரணம் யாதெனில், அத்தூசி சாதாரணத் தெருப்புழுதி அன்று. 1880 முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவே ஊரைச் சூழ்ந்த சைனைடு மேடுகள். தங்கம் படிந்திருந்தது வெண்கற்பாறையில். கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோ அளவையில் அக்கல்லுக்கு ஏழாம் இடம். எஃகுக் கத்தியாலும் அதைக் கீற இயலாது. அதன் பொடியை உலர்துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்கு ஒப்பாகும். வெயிலில் சிலந்தி வலைபோல் தெரியும் கீறல்கள் இவ்வாறு பிறப்பவையே. தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊர்தான். எனினும் முதலில் நீரைத் தாராளமாக ஊற்றித் தூசியைக் கழியச் செய்த பின்னரே துணி படவேண்டும்.

விழுந்த கீறலை எவ்வாறு நீக்குவது? உண்மையில் கீறலை யாரும் நீக்குவதில்லை. அதைச் சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் அடிமட்டத்துக்குத் தேய்த்துச் சமன் செய்கிறோம். இக்காலக் கார்களில் நிறத்தின்மேல் கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு உண்டு. அதன் கனம் பெரும்பாலும் 40 அல்லது 50 மைக்ரான். தலைமுடியின் கனத்துக்கும் குறைவு. ஒவ்வொரு மெருகிடலும் இம்முதலிலிருந்து சிறிது எடுத்துச் செலவிடுகிறது. நகத்தால் வருடும்போது நகம் மாட்டிக்கொள்ளும் கீறலைத் தேய்த்துப் போக்க முயலலாகாது.

கம்பளிப் பேட் மிகுதியாக அரிக்கும். ஆழ்ந்த கீறலுக்கு உதவும். ஆனால் தானும் மங்கலான சுழிகளை விட்டுச் செல்லும். கெட்டியான நுரைப்பஞ்சு அதற்கு அடுத்தது. மெத்தென்ற நுரைப்பஞ்சு பளபளப்பை மீட்பதற்கே. பஞ்சின் நிறத்தை நம்பிக் கடையில் வாங்குவோர் உண்டு. ஒரு நிறுவனத்தின் மஞ்சளும் மற்றொன்றின் மஞ்சளும் ஒன்றல்ல. கையால் அழுத்திப் பார்ப்பதே மேல். காம்பவுண்டு என்பது கரடுமுரடான குழம்பு, பாலிஷ் நுண்மையானது, மெழுகோ எதையும் அரிப்பதில்லை, காப்பு மட்டுமே. சில குழம்புகள் எண்ணெயால் கீறலை நிரப்பி மறைக்கும். இரண்டு கழுவலில் அது மீண்டும் தலைகாட்டும். தேய்த்த இடத்தை நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

எனவே மெல்லிய பஞ்சும் நுண்ணிய பாலிஷும் கொண்டு ஒரு சாண் இடத்தில் முதலில் சோதித்து, போதாவிடின் மட்டுமே வலியதற்குச் செல்லவேண்டும். பெரும்பாலான பட்டறைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

நம் மைத்துனரின் தந்தையார் சுரங்கத்தில் இறங்கியவர்; அக்குடும்பத்தின் முதல் கார் மைத்துனருடையது. சென்ற ஆண்டு பட்டறை ஒன்றில், ஒரே திசையில் சுழலும் இயந்திரத்தில் கம்பளியைப் பூட்டி, பானெட்டின் விளிம்பில் அழுத்திவிட்டார்கள். விளிம்புகளில் பூச்சு எப்போதுமே மெலிந்திருக்கும். உள்ளங்கை நீளத்துக்கு அது முழுவதும் போய், அடிநிறம் மங்கித் தெரிகிறது. இதற்குப் பாலிஷ் இல்லை. பானெட் முழுமைக்கும் புதுப்பூச்சு அடித்தாக வேண்டும். தையற்கடையிலிருந்து பெரிய உறை ஒன்று தைத்து வாங்கி அவர் வண்டியில் வைத்திருக்கிறார். தூசி படிந்த வண்டிமேல் உறையை இழுத்தால் அதுவும் கீறும் என்பதை இந்தப் பொங்கலுக்குச் செல்லும்போது சொல்லவேண்டும்.