ஊரார் மீட்ட விடுதி

இங்கிலாந்தின் கிராமங்களில் மாதாகோயிலுக்கு அடுத்தபடியாக ஊரார் கூடும் இடம் ‘பப்’ எனப்படும் விடுதியாகும். வாற்கோதுமையிலிருந்து தயாராகும் ‘ஏல்’ என்னும் மதுவும், சூடான உணவும் அங்கே கிடைக்கும். பல விடுதிகளில் வழிப்போக்கர் இரவு தங்க அறைகளும் உண்டு. மதுவைப் பற்றி நம்மவரில் பலர் கொண்டுள்ள கருத்து வேறு. எனினும், இத்தகைய விடுதியொன்றைச் சிற்றூர் மக்கள் கூட்டுறவு முறையில் மீட்ட வரலாறு நம் அங்கத்தினர்கள் அறியத் தக்கதாகும்.

இவ்விடுதிகளில் பல நெடுங்காலமாக மது ஆலைகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் உரியவையாக இருந்து வந்துள்ளன. குத்தகைக்கு எடுத்தவர், உரிமையாளர் குறிப்பிடும் சரக்கையே வாங்கி விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நூலைக் கடனாகக் கொடுத்த வியாபாரியிடமே துணியையும் ஒப்படைக்க வேண்டியிருந்த நெசவாளரின் நிலையை இது நமக்கு நினைவூட்டுகிறதன்றோ? மேலும், பீப்பாயில் நொதித்து முதிரும் ஏல், பீப்பாய் திறந்த சில நாட்களுக்குள் விற்றுத் தீர வேண்டிய பண்டமாகும். ஆதலால் வாடிக்கை குறைந்தால் நஷ்டமும் விரைந்து வரும். வெளியூர் உரிமையாளர் கதவைச் சாத்திவிடுவார்.

வடக்கு யார்க்‌ஷயரில் ரிச்மண்ட் நகருக்கு அருகிலுள்ள ஹட்ஸ்வெல் கிராமத்தில் 2008-ஆம் ஆண்டு ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்’ விடுதி மூடப்பட்டது. ஊரில் இருந்த ஒரே விடுதி அது. அண்டை அயலார் சந்தித்துப் பேசும் இடமே இல்லாமற் போயிற்று. கிராமத்தார் முறையிட்டுக்கொண்டு வாளாவிருக்கவில்லை. ஒரு சங்கம் அமைத்துப் பங்குகள் விற்றனர். வெளியூர் அன்பர்களும் பங்கு வாங்கினர். கட்டிடத்தை விலைக்கு வாங்கிப் பழுது பார்த்து, 2010-ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தனர். பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. 1844-இல் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் தொடங்கிய சங்கத்தின் நெறியும் இதுவே.

சங்கம் கட்டிடத்தின் உரிமையை வைத்துக்கொண்டு, அன்றாட வியாபாரத்தை அனுபவமுள்ள ஒரு குத்தகைதாரரிடம் ஒப்படைத்தது. அத்துடன் நிற்கவில்லை. விடுதிக்குள் சிறு நூல்நிலையம் ஏற்பட்டது. தொண்டர்கள் நடத்தும் மளிகைக் கடை ஏற்பட்டது. கிராமத்தார் காய்கறி பயிரிடும் தோட்டத் துண்டுகளும் ஏற்பட்டன. மது அருந்தாதவரும் அங்கே வரக் காரணம் உண்டாயிற்று. பாரம்பரிய ஏலைக் காக்க 1971-இல் தோன்றிய ‘காம்ரா’ இயக்கம், 2016-ஆம் ஆண்டுக்கான நாட்டின் சிறந்த விடுதியாக இதனைத் தேர்ந்தெடுத்தது.

பங்குத் தொகை செலுத்துவதோடு கடமை முடிந்ததென்று எண்ணும் அங்கத்தினர்கள் எங்கும் உளர். பங்குப் பணம் கட்டிடத்தை வாங்கித் தரும். அதன் கதவைத் திறந்து வைப்பது அங்கத்தினரின் அன்றாட வாடிக்கையே. நம் சங்க விற்பனை நிலையத்தில் நாம் கடைசியாக எப்பொழுது பொருள் வாங்கினோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.