எந்த நாட்டில் வாழ்வாய்?

பன்னிரண்டு வயதுச் சிறுவனை நோக்கி, "எந்த நாட்டில் வாழ விரும்புகிறாய்? காரணம் காட்டு" என்று கேட்பது விளையாட்டாகத் தோன்றலாம். ஆயின், பொருளாதார சாஸ்திரத்திற்கு இதனினும் நல்ல வாயில் இல்லையென்பது நமது அபிப்பிராயம். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜியா மாகாணத்தின் பாடத்திட்டம், ஆறாம் வகுப்பு மாணாக்கர் வெவ்வேறு பொருளாதார முறைகளை ஒப்பிட்டறிய வேண்டுமென விதிக்கிறது. எதை உற்பத்தி செய்வது, எவ்வாறு செய்வது, யாருக்காகச் செய்வது என்னும் மூன்று வினாக்களுக்குப் பழைய வழக்கமும், சர்க்கார் கட்டளையும், சந்தையும் எங்ஙனம் வெவ்வேறு விடை தருகின்றன என்பதே பாடம். இதனை நெட்டுருப் போட்டால் பரீட்சையோடு மறந்துபோம். தான் குடியேறத் தக்க நாட்டைத் தானே ஆராய்ந்து தேர்ந்தெடுக்கச் செய்தாலோ, பாடம் அவனுடைய சொந்த வழக்காகிவிடும்.

மனிதனின் வேண்டுகோள்கள் பல. அவற்றை நிறைவேற்றும் சாதனங்களோ சில. ஆகவே ஒன்றைக் கொள்வோன் மற்றொன்றை விட்டே தீரவேண்டும். 1932-ல் லயனல் ராபின்ஸ் பொருளாதார சாஸ்திரத்திற்கு வகுத்த இலக்கணத்தின் சாரம் இதுவே. நார்வேயை விரும்பும் மாணாக்கன், அங்கே மதிப்புக் கூட்டு வரியின் பொதுவிகிதம் 25 சதவீதம் என்று காண்பான். சர்க்கார் சர்வகலாசாலைகளில் அந்நாட்டார் போதனைச் சம்பளம் கொடுக்க வேண்டுவதில்லை என்பதையும் காண்பான். சிங்கப்பூரை விரும்புவோன், 2024 முதல் அங்கே சரக்கு சேவை வரி 9 சதவீதமே என்று மகிழலாம். ஆனால் குடியுரிமை பெற்ற வாலிபர் சுமார் இரண்டாண்டு தேசியச் சேவை புரியவேண்டும் என்பதையும் கணக்கில் எழுதவேண்டும். விலையின்றி எந்த நாடும் கிடைப்பதில்லை.

புள்ளிவிவரங்களைச் சாட்சிகளாகவே கொள்ளவேண்டும். சாட்சி சொன்னதை அப்படியே ஏற்பவன் நல்ல நியாயவாதி ஆகான். குறுக்கு விசாரணை அவசியம். தலைவீத வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று கட்டார். ஆனால் அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் பிழைக்க வந்த அந்நிய நாட்டார். சராசரி என்னும் சாட்சி, கட்டடத்தில் கல் சுமப்பவனின் கூலியைச் சொல்லாது. கியூபாவில் வருமானம் குறைவு; 1962 முதல் பங்கீட்டு அட்டை வழக்கிலிருக்கிறது; ஒரே கட்சிக்கே சட்டத்தில் இடமுண்டு. எனினும் அந்நாட்டாரின் சராசரி ஆயுள், செல்வம் கொழிக்கும் அமெரிக்காவினதற்குப் பெரிதும் பின்தங்கியதன்று. பணம் ஒன்றே அளவுகோல் அன்று என்பதை உணர்த்தவே, மஹபூப் உல் ஹக் 1990-ல், அமர்த்தியா சென்னின் துணையுடன், ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து மனித அபிவிருத்திக் குறியீட்டை வெளியிட்டார்.

இன்னுமொரு வினாவும் உண்டு. "எந்த நாட்டில்?" என்பதோடு, "யாராக?" என்றும் கேட்கவேண்டும். உபாத்தியாயர் சீட்டுக்களை எழுதிக் குலுக்கட்டும். ஒருவனுக்கு ஆலை முதலாளியின் மகன், ஒருத்திக்கு மீனவன் மகள், வேறொருவனுக்கு நேற்றுக் குடியேறிய கூலியாள் என்று சீட்டு விழட்டும். சீட்டைப் பிரிக்குமுன்னரே நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவேண்டும். ஜான் ரால்ஸ் என்ற தத்துவாசிரியர் 1971-ல் நீதியை ஆராயக் கைக்கொண்ட முறையும் ஏறக்குறைய இதுவே. தன் நிலை இன்னதென்று அறியாதவன், கடையனின் கதியையும் எண்ணிப் பார்க்காமல் இரான்.

இத்தகைய பயிற்சி தேசபக்தியைத் தளர்த்திவிடாதா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். நாம் அப்படிக் கருதவில்லை. 1969-ல் வட கடலின் நார்வேப் பகுதியில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அச்செல்வத்தைப் பிற்சந்ததியாருக்கும் சேமித்துவைக்க 1990-ல் அந்நாட்டார் சட்டமியற்றினர். கோஸ்டா ரிக்கா 1948-ல் ராணுவத்தையே கலைத்தது. இவை தெய்வச் செயலல்ல. ஜனங்கள் செய்துகொண்ட தீர்மானங்கள். இதனை உணர்ந்த சிறுவன், "நம் நாட்டில் நாம் எதைத் தீர்மானித்தோம்? எதைத் தீர்மானியாமல் விட்டோம்?" என்று கேளாதிருப்பானா? அக்கேள்வியே பிரஜையின் முதற் கடமை. பிற நாடுகளை அறியாமையால் நிலைக்கும் பற்று, முதற் கப்பலைக் கண்டதும் கரைந்துவிடும்.

நம் வீடுகளிலும் இத்தேர்வு நடைபெற்றே வருகிறது. மகன் அமெரிக்கா செல்வதா, வளைகுடா செல்வதா என்று தகப்பனார் முடிவு செய்கிறார். அயல்வீட்டார் சொன்ன சம்பளத் தொகையே பல வேளைகளில் அதற்கு ஆதாரம். வரி என்ன, வீட்டு வாடகை என்ன, நோயுற்றால் கதியென்ன, எஜமானன் ஏமாற்றினால் நியாயம் கிடைக்குமா என்ற வினாக்கள் விமானம் ஏறிய பின்னரே எழுகின்றன. பிரயாணத்திற்குப்பின் கற்கும் பாடத்திற்குக் கட்டணம் மிக அதிகம். அதனைப் பள்ளிக்கூடத்திலேயே, ஒரு பூகோளப் படத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு, கற்பித்துவிடலாகாதா? உபாத்தியாயர்களும் பெற்றோரும் சிந்திப்பார்களாக.