தீவில் 1,700 பேர்... நியூசிலாந்தில் 30,000 பேர்: குழந்தைக் கதைகளை நம்பி நிற்கும் நியுவே மொழி!

சொந்த ஊரைவிட வெளியூரில்தான் ஒரு மொழிக்காரர்கள் அதிகம் என்றால், அந்த மொழியில் குழந்தைகளுக்குக் கதை எழுதுவது யார்? வாசித்துக் காட்டுவது யார்? பசிபிக் தீவு நாடான நியுவேயின் இன்றைய கவலை இதுதான்.

நியுவே எங்கே இருக்கு?

டோங்கா, சமோவா, குக் தீவுகளுக்கு நடுவே இருக்கும் பவளத் தீவு இது. பரப்பளவு சுமார் 260 சதுர கி.மீ. 1974 முதல் சுயாட்சி. ஆனால், மக்களுக்கு நியூசிலாந்து குடியுரிமை உண்டு. வேலை, படிப்பு என்று பலரும் ஆக்லாந்துக்குக் கிளம்பிவிட்டார்கள். 1960களில் தீவில் சுமார் 5,000 பேர் இருந்தார்கள். இப்போது சுமார் 1,700 பேர்தான். நியூசிலாந்திலோ, 2018 கணக்கெடுப்பின்படி 30,867 நியுவே வம்சாவளியினர்!

என்ன சிக்கல்?

அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளி, டிவி, விளையாட்டு எல்லாமே இங்கிலீஷ். நியுவே மொழியை அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது யுனெஸ்கோ. இவ்வளவு சின்ன சந்தைக்குப் புத்தகம் போட்டு லாபம் பார்ப்பதும் கஷ்டம்.

அதனால் அரசே கைகொடுக்கிறது. நியூசிலாந்து கல்வி அமைச்சகத்தின் 'துபு' வரிசையில் சமோவா, டோங்கா, குக் தீவுகள், டோக்கெலாவ், நியுவே என ஐந்து பசிபிக் மொழிகளில் கதைப் புத்தகங்கள் வருகின்றன. ஆங்கிலத்தோடு சேர்ந்த இருமொழிப் பதிப்புகளும் உண்டு. வகுப்பில் படித்த கதையைப் பிள்ளைகள் வீட்டிலும் படிக்கலாம்.

ஆடியோ எதுக்கு?

இந்தக் கதைகளுக்கு ஒலிப்பதிவும் இருக்கிறது. காரணம், எழுத்து ஏமாற்றும். நியுவே மொழியில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்தால், நம்ம 'ங' மாதிரி உச்சரிக்கணும். இங்கிலீஷ் மட்டுமே படித்துப் பழகிய குழந்தை அதைத் தப்பாகத்தான் வாசிக்கும். பக்கத்தில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கும் மொழி தெரியாவிட்டால், திருத்த ஆளில்லை.

அதனால்தான் நியுவே மொழியில் எழுதும் ஆசிரியருக்கு வேலை இரட்டிப்பு. குழந்தைக்குக் கதை பிடிக்கணும். கூடவே உட்கார்ந்து மொழியைக் கற்றுக்கொள்ளும் பெற்றோருக்கும் அது புரியணும். தாத்தா, பாட்டியோடு நின்றுபோன பேச்சை வீட்டுக்குள் மறுபடி தொடங்கிவைக்க, இப்படி ஒரு சின்னப் புத்தகம் உதவும்.