கடைச் சுவரில் ஒரு நாடக மேடை

புத்தாண்டு பிறந்தால் வாடிக்கையாளர் நம்மிடம் உரிமையோடு கேட்பது காலண்டர். அதில் கிரீடமும் பட்டாடையுமாக நிற்கும் முருகனுக்கும் நாடக மேடைக்கும் பந்தம் உண்டு என்பதை அறிவீர்களா?

19ஆம் நூற்றாண்டு லண்டனில் பிரபல நடிகர்களை வேடத்தோடு படமாக அச்சிட்டுச் சிறு கடைகளில் விற்றார்கள். வண்ணமில்லாதது ஒரு பென்னி. வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி. வாங்கியவர்கள் ஜிகினாவும் துணியும் ஒட்டி அழகு பார்த்தார்கள்.

நம் நாட்டில் ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவருடைய தெய்வப் படங்கள் வீடுதேடிச் சென்றன. ஆனாலும் கடன் ஏறி, அச்சகம் ஒரு ஜெர்மானியர் கைக்கு மாறியது. சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் சரியாக இருக்க வேண்டும்!

அடுத்து வந்தவர் சி. கொண்டைய ராஜு. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர். பின்னர் நாடகக் கம்பெனிக்குச் சீன் திரை தீட்டினார். கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். மேடைக்குத் தீட்டிய அதே கை தெய்வங்களைத் தீட்டியது. அவரும் சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி, கடைப் பெயர்களைத் தாங்கி ஊரெங்கும் பரவின. 1976-ல் அவர் மறைந்தார்.

ஆம்பூர் பஜார் வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் பழைய காலண்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தின் கீழே உங்கள் தந்தையார் காலத்துக் கடைப் பெயரும் விலாசமும் இருக்கும். நம்மைப் போன்ற சிறு கடைகளுக்கு வேறு யார் வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள்?