உப்புக்காற்றில் ஓவர்க்ளாக் எதற்கு?

இலங்கையின் பாசிக்குடாவில் வைகாசி மத்தியானம் 32 பாகையைத் தாண்டுவது வழமை. இந்த வெக்கையில் கணினியின் ப்ரொசெசரை ஓவர்க்ளாக் செய்வது, அதாவது தயாரித்தவர் குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது, வீண்செலவு என்றே சொல்வேன். ப்ரொசெசர் குடிக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்பவும், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். வேகத்தை 10 சதவீதம் உயர்த்த வோல்ட்டேஜையும் 10 சதவீதம் ஏற்ற வேண்டிவந்தால், மின்செலவு 33 சதவீதம் எகிறும். அத்தனையும் சூடாகவே வெளியேறும். ஃபேன் இழுப்பதோ அறையின் அதே சுடுகாற்று. கடலோர வீடுகளில் அதில் உப்பும் ஈரமும் வேறு. சூடு 100 பாகையை நெருங்கினால் ப்ரொசெசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிய வேகம் அத்தோடு போச்சு.

பழைய கணினிக்கு இதுதானே வழி என்பார்கள். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்குத் தாவியது உண்மைதான். ஆனால் இன்றைய ப்ரொசெசர்களில் டர்போ பூஸ்ட் போன்ற வசதிகள் அப்படி மிஞ்சிக் கிடக்கும் வேகத்தைத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. சும்மா இருக்கும் கோர்களை உறங்கவைக்கும் சீ-ஸ்டேட் போன்ற மின்சேமிப்பு வசதிகளால் கணினி மந்தமாகும் என்ற பயமும் அநேகருக்குத் தேவையற்றது. லேசான உறக்கத்திலிருந்து கோர்கள் விழிக்க மைக்ரோ செக்கன்களே போதும். நேரடி ஒலிப்பதிவு செய்வோருக்கு மட்டும் அதுவும் தொந்தரவாகலாம். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கக் காரணமும் உண்டு: 2022 மார்ச் 31இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. அந்த ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. பயாஸில் சீ-ஸ்டேட்டை அணைத்து வைத்திருந்தால் இன்றே திரும்பப் போட்டுவிடுங்கள். ஹீட்சிங்க்கில் அடைந்த தூசியையும் தட்டிவிடுங்கள்.